ட்ரையர்காரன் தூங்கிட்டான்

உனக்கு நல்ல நாக்கு இருக்கிறது என்று ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள். அன்றோடு அவன் மூளையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவான். அதற்குப் பிறகு எல்லாக் காரியத்துக்கும் நாக்கைத்தான் அனுப்புவான். எனக்கு இருபத்து மூன்று வயதில் அப்படிச் சொல்லிவிட்டார்கள். சொன்னவரும் லேசுப்பட்ட ஆளில்லை, எங்கள் தொரை. (தோட்டத்து மெனேஜர்தான். அந்தப் பதவியின் பெயரைக் கம்பனி எத்தனை தடவை மாற்றினாலும் எங்கள் வாயில் தொரை தொரைதான்.)

குருவிட்ட டவுனிலிருந்து மேலே ஏறுகிற பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்தில் எங்கள் தேயிலை பெக்டரி இருக்கிறது. அங்கே நான் அப்போது தூள் தயாரிப்பைக் கவனிக்கிற உதவி டீமேக்கர். அதாவது, ஆகப் போகிறவன். ஆறு மாதப் புரொபேஷன் முடிகிற சமயம் அது. டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தொரை கையெழுத்துப் போட்டால் நான் நிரந்தர ஸ்டாஃப். ஸ்டாஃப் என்றால் குவாட்டர்ஸ் கிடைக்கும். குவாட்டர்ஸில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கும். முப்பது வருஷம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடம் சுமந்த அம்மா, அந்தக் குழாய்க்குக் கீழே வைப்பதற்கென்றே ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி வாங்கி, யாரும் தொடக்கூடாது என்ற கட்டளையோடு கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

அதே பெக்டரியில்தான் என் அப்பாவுக்கும் வேலை. பெயர் செல்லையா. ட்ரையர்காரர். அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்து ட்ரையருக்குள் ஒரு பக்கம் ஈரமாகப் போய் மறுபக்கம் கறுப்புத் தூளாக வெளியே வரும். சூடு கொஞ்சம் ஏறினால் தீய்ந்துவிடும், கொஞ்சம் இறங்கினால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். அந்த மெஷினின் வாயில் நின்றுகொண்டு, வரும் தூளை ஒரு கை அள்ளி, விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, விறகைக் கூட்டு, குறை என்று சொல்வதுதான் அப்பாவின் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு வேலை மேல்மாடி டேஸ்டிங் அறையில். பெரிய டீமேக்கர் ஐயா காலையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் பாடம் நடத்துவார். வாய்க்குள் சர்ரென்று சத்தமாக உறிஞ்ச வேண்டும். நாக்கில் ஒரு சுற்று விட வேண்டும். பிறகு துப்ப வேண்டும். துப்புவதற்கென்று சக்கரம் வைத்த தகரப் பாத்திரம் ஒன்று இடுப்பளவு உயரத்தில் நிற்கும். "துப்புறதுலதான்டா டேஸ்டரோட தரம் தெரியும்" என்பார் ஐயா. ஆறு மாதத்தில் நான் ஆறடி தூரத்துக்குக் குறி தப்பாமல் துப்பப் பழகியிருந்தேன். (என் வாழ்க்கையில் நான் முழுமையாகக் கற்றுத் தேர்ந்த கலை அது ஒன்றுதான்.)

அங்கே படித்த இன்னொரு விஷயம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது. கெட்ட ருசி ஒவ்வொன்றுக்கும் பெக்டரியில் ஒரு குற்றவாளி உண்டு. புளிப்புத் தட்டினால் ரோலர் பக்கத்து ஆள் நேரம் பார்க்கவில்லை. புகை வாடை அடித்தால் அடுப்பில் எங்கேயோ ஓட்டை. மரவாசம் வந்தால் தூளைக் கண்ட பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். தீய்ந்த ருசி வந்தால் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்: "ட்ரையர்காரன் தூங்கிட்டான்." இலங்கையில் எந்தப் பெக்டரிக்குப் போனாலும் இதைச் சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பெக்டரியில் மட்டும் மற்றத் தோட்டத்துத் தூளைக் குடித்துப் பார்க்கும்போதுதான் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். எங்கள் ட்ரையர்காரர் தூங்கியதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொரை என்னைக் கூப்பிட்டார். தொரை சிங்களவர். ஆனால் தோட்டத்தில் பதினைந்து வருஷம் இருந்து ஒரு தமிழ் சம்பாதித்து வைத்திருந்தார். இலக்கணம் கிடையாது, அதிகாரம் உண்டு.

"குமார், நாளைக்கு ரெண்டு மணி பங்களா வா. நம்ம நோனாட தம்பி வாறான். கொழும்புல பியர் செய்றவன். அவன்ட சாமான் நீ டேஸ்ட் பண்ணி சொல்லணும். நான் சொல்லிட்டேன், நம்மகிட்ட நல்ல நாக்கு ஒண்ணு இரிக்கி எண்டு."

"சரிங்க தொரைங்களே."

"திங்கக்கிழம உன்ட லெட்டர் சைன் பண்ணணும். தெரியும்தானே?"

தெரியுமாவது! அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பினார். அப்பா அந்தச் சமயம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி, இரண்டு வேளை பீலியில் குளியல். (மலைத்தண்ணீர் விழுகிற குழாயடியைத்தான் நாங்கள் பீலி என்போம். டிசம்பர் மாதம் விடிகாலையில் அதில் குளிப்பவனுக்கு ஐயப்பன் நிச்சயம் ஏதாவது செய்ய வேண்டும்.) மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நாங்களும் அவரைச் சாமி என்போம். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் யாரையும் திட்ட முடியாது.

"பியரா?" என்றார் அம்மா. "வீட்ல சாமி மாலை போட்டிருக்காரு. வாய்க்குள்ள ஒரு சொட்டு போச்சுன்னா இந்த வாசப்படி ஏறாத."

"அம்மா, நான் டேஸ்டரும்மா. குடிக்க மாட்டேன். துப்பிருவேன்."

"தொர பங்களாவுல போயி துப்புவியா?"

என் தாய் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரைதான் படித்தவர். அந்தக் கேள்வியை நான் அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அப்பா மட்டும் மாலையின் மணியை உருட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தொர நாக்கத்தான் கூப்பிட்டிருக்காரு சாமி. வாயக் கூப்பிடல. பாத்துப் பேசுங்க சாமி."

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே, இஸ்திரி போட்ட சட்டையோடு பங்களாவுக்குப் போய்விட்டேன். வெராண்டாவில் முகம் தெரிகிற சிவப்புத் தரை. படியோரமாக வரிசையாக அந்தூரியம் தொட்டிகள். மேசையில் தும்பைப்பூ மாதிரி வெள்ளை விரிப்பு. தொரை, அவர் நோனா என்று சொன்ன தொரைசாணி, தொரைசாணியின் தம்பி ருவன், மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். பங்களா நாற்காலியில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. பாதி உட்கார்ந்தேன்.

ருவன் நல்ல மனிதர். தாடி வைத்திருந்தார், அரைக் காற்சட்டை போட்டிருந்தார், பரீட்சை எழுத வந்தவர் போல உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேசையில் ஐந்து கறுப்புப் போத்தல்கள். அவர் விளக்கினார். (பேச்சு சிங்களத்தில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.) இது கடையில் வாங்கும் பியர் இல்லை, இம்பீரியல் ஸ்டவுட். வாற்கோதுமையைக் கறுக்க வறுத்து, காய்ச்சி, சாராயம் ஊறிய பழைய மரப் பீப்பாய்களில் ஒரு வருஷம் பூட்டி வைத்தது. ஐந்து போத்தலும் ஐந்து பீப்பாய். எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டவுட் என்றதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. எங்கள் லயத்தில் ஸ்டவுட் என்பது மருந்து. காய்ச்சலில் விழுந்து எழும்பியவனுக்கு முட்டை அடித்து ஊற்றிக் கொடுப்பார்கள். மருந்துக்கா அம்மா இவ்வளவு பயந்தார் என்று நினைத்தேன்.

"இது பன்னிரண்டு சதவீதம், கவனம்" என்றார் ருவன்.

பன்னிரண்டு சதவீதம்! எனக்குத் தெரிந்த சதவீதம் ஒன்றே ஒன்றுதான். தூளில் நிற்கும் ஈரம். மூன்றுக்குமேல் போனால் பெக்டரியில் விசாரணை நடக்கும். பன்னிரண்டு வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

முதல் போத்தலைத் தொரையே ஊற்றினார். தொரைக்குத் தாராளமான கை. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே புகவே இல்லை. மூக்கை நுழைத்து மோந்தேன். பிறகு ஐயா கற்றுத் தந்த மாதிரி, சர்ர்ர்ரென்று பங்களா அதிர ஓர் உறிஞ்சு உறிஞ்சினேன். நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த தொரையின் நாய் எழுந்து உள்ளே போய்விட்டது.

நாக்கில் ஒரு சுற்று விட்டேன். துப்பத் திரும்பினேன். தகரப் பாத்திரம் இல்லை.

ஒரு பக்கம் வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் தொரையின் சப்பாத்து. எதிரே தொரைசாணியின் சேலை. இரண்டு கன்னமும் உப்பிப் போய், ஆஞ்சநேயர் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து தொரைசாணி அன்பாக, "குமார், அம்மா சுகமா?" என்று கேட்டார்.

தொரைசாணி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாமா? விழுங்கினேன்.

"சுகமா இருக்காங்க நோனா" என்றேன். வார்த்தை வெளியே வந்தபோது அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து தொப்புள்வரை யாரோ பந்தம் பிடித்துக்கொண்டு நடந்து போவது தெரிந்தது. கட்டிக் கோப்பி, கருப்பட்டி, சாராயம், பழைய அலுமாரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தாளித்த மாதிரி ஒரு ருசி.

ஆனால் நான் அதையா பார்த்தேன்? டேஸ்டர் அல்லவா? குற்றவாளியைத் தேடினேன். உடனே அகப்பட்டது. பணிவாக, "கொஞ்சம் தீய்ந்த வாசம் இருக்கிறது" என்றேன்.

ருவனின் முகம் மலர்ந்தது. "ஆமாம்! ஆமாம்! அதுதான் வறுத்த வாசம்!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தீய்ந்துவிட்டது என்று சொல்கிறேன், இந்த ஆள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படுகிறார். சரி, அவருக்குக் காது மந்தமாக இருக்கும் என்று இரண்டாவது கிளாஸை எடுத்தேன். உறிஞ்சினேன், சுற்றினேன். இந்தத் தடவை தொரை கேட்டார், "என்னா குமார், எப்படி?" அதுவும் உள்ளே போனது.

"இதில் மரவாசம் ஏறியிருக்கிறது. பெட்டி சரியில்லை" என்றேன் கொஞ்சம் கண்டிப்பாக.

"பார்த்தீர்களா அத்தான்!" என்று ருவன் தொரையின் தொடையில் தட்டினார். "மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்!"

"புகையும் இருக்கிறது."

"ஐயோ, புகையும் தெரிகிறதா!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து நிறுத்தினால் அவன் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்கு ரோஷம் வந்தது. இந்த மனிதருக்கு என் தொழில் தெரியவில்லை, காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. (தோன்றியது எனக்கு இல்லை, பன்னிரண்டு சதவீதத்துக்கு.) உள்ளே பார்த்து, "அப்பு! கொஞ்சம் பால் கொண்டாங்க!" என்று குரல் கொடுத்தேன். அப்பு என்பது பங்களாச் சமையல்காரர். தொரையைத் தவிர வேறு யாரும் அவருக்குக் கட்டளை போட்டதில்லை. திகைத்துப்போய்க் கொண்டுவந்து வைத்தார்.

சில தேயிலைக்குப் பால் ஊற்றித்தான் நிறம் பார்ப்போம். மூன்றாவது கிளாஸில் ஊற்றினேன். ஒரு வருஷம் பீப்பாய்க்குள் தவம் கிடந்த இம்பீரியல் ஸ்டவுட், எங்கள் தோட்டத்துப் பசும்பாலைக் கண்டதும் திட்டுத் திட்டாகத் திரிந்தது. ருவனின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் சுருங்கியது. நான் அதைச் சர்ரென்று உறிஞ்சினேன். அதை விழுங்கச் சொல்லி யாரும் கேள்வி கேட்கவில்லை. நானாகவே விழுங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு ஆசைதான். முதலில் என்னை விட்டுப் போனது சிங்களம். சின்ன வயதிலிருந்து பேசுகிற பாஷை, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது. அடுத்துப் போனது முழங்கால். மூன்றாவதாகப் போனதுதான் ஆபத்தானது. நீங்க, வாங்க, சொல்லுங்க என்பதிலெல்லாம் கடைசியில் நிற்கிற அந்த 'ங்க' போய்விட்டது.

நான்காவது கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றேனாம். தொரையும் எழுந்தார். "தொர, நீ ஒக்காரு" என்றேன். தொரை உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருஷ அதிகாரம், அந்தச் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாததால் அப்படியே மடங்கிவிட்டது.

"தம்பி ருவன்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "நீ நல்லவன். ஒன்ன நான் கொற சொல்ல மாட்டேன். ஒன்ன ஏமாத்திட்டானுங்க. புளிப்பு இருக்கு, பொகை இருக்கு, பொட்டி வாசம் இருக்கு. அதெல்லாம் விடு. இது தீஞ்சு போச்சு. ஏன் தீஞ்சு போச்சு? ட்ரையர்காரன் தூங்கிட்டான்!"

ருவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். எனக்கு அது போதவில்லை. மேசையில் தட்டி, மலையடிவாரத்துக்குக் கேட்கிற மாதிரி இன்னும் இரண்டு தடவை சொன்னேன். "ட்ரையர்காரன் தூங்கிட்டான்! கூப்புடு அந்த ட்ரையர்காரன! வேலைய விட்டுத் தூக்கு!"

இந்த இடத்தில் குசினி ஜன்னல் திறந்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்புவுக்குப் பியர் விவகாரம் தெரியாது. அவருக்குக் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: ட்ரையர்காரன் தூங்கிவிட்டான், தூள் தீய்ந்துவிட்டது, வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள். மனிதர் பதறிப்போய் உடனே பெக்டரிக்குப் போன் போட்டார்.

பெக்டரியிலிருந்து பங்களாவுக்கு நூற்றுச் சொச்சம் படி. என் அப்பா ட்ரையரைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அதில் ஓடி ஏறினார்.

இங்கே, மேலே, எனக்கு ஐந்தாவது கிளாஸ். உறிஞ்சினேன், சுற்றினேன். அப்போதுதான் என்னிடம் மிச்சமிருந்த ஒரே அறிவு விழித்துக்கொண்டது. டேஸ்டர் விழுங்கக்கூடாது! அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்! படியோரத்து அந்தூரியம் தொட்டியைக் குறி வைத்தேன். ஆறடிக்கு மேலேயே இருக்கும். ஐயா பார்த்திருந்தால் அழுதிருப்பார், அப்படி ஒரு துப்பு. மெல்லிய கறுப்பு நூலாக வளைந்து, தொரையின் சப்பாத்தைத் தாண்டி, அந்தூரியத்தையும் தாண்டி, மேல் படியில் போய் விழுந்தது.

விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு வெறுங்கால். அதற்குமேல் கறுப்பு வேட்டி. அதற்குமேல் துளசி மாலை. அதற்குமேல், விறகுக் கரியும் வியர்வையுமாக என் அப்பா.

அப்பா கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொரையைப் பார்த்துக் கைகூப்பினார். "தொரைங்களே, நான் தூங்கலீங்க சாமி."

நான் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டேன் என்று சொல்ல ஆசை. மேசையைப் பிடித்துக்கொண்டு, விரலை நீட்டி, "இவன்தான்! இந்த ட்ரையர்காரன்தான் தூங்கிட்டான்!" என்று சொன்னதுதான் உண்மை. அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. வெள்ளை விரிப்பில் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன்.

மிச்சக் கதை அப்பு சொன்னது. அப்பு சொல்வதில் கொஞ்சம் உப்புக் கூடத்தான் இருக்கும். ஆனால் தொரைசாணியும் பிறகு இதையேதான் சொன்னார், அதனால் நம்புகிறேன்.

தொரை நடந்ததைச் சொல்லியிருக்கிறார். தூங்கியது நம்ம ட்ரையர் இல்லை, பியருக்கு வறுத்தது தீய்ந்துவிட்டதாம், உன் மகன்தான் சொல்கிறான் என்று. அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்ததாம். "தொரைங்க கோவிச்சுக்கலேன்னா நான் ஒருக்கா பாக்கலாங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறார்.

ருவன் ஒரு கிளாஸை நீட்டினாராம்.

"மாலை போட்டிருக்கேங்க சாமி. குடிக்கிறதில்ல. வறுத்த சாமான் இருந்தாக் குடுங்க, மோந்து பாக்குறேன்."

ருவனின் பையில் ஒரு சின்ன டப்பா நிறைய வறுத்த வாற்கோதுமை இருந்தது. அப்பா வெராண்டாவுக்குள் ஏறாமல் படியிலேயே நின்று, ஒரு கை அள்ளி, விரலால் தேய்த்து, ஊதி, மோந்து பார்த்தார். ட்ரையர் வாயில் நிற்பது போலவே நின்றாராம். இரண்டு மூன்று மணியை நகத்தால் உடைத்து உள்ளே பார்த்தார்.

"தீயலீங்க சாமி" என்றார் அப்பா. "தீயறதுக்கு ஒரு மூச்சுக்கு முன்னால எறக்கியிருக்காரு. இம்புட்டுக் கறுப்பா, தீயாம எறக்கணும்னா கண்ண மூடாம நிக்கணும். இத வறுத்தவரு தூங்கலீங்க."

தொரை அதைச் சிங்களத்தில் சொன்னார். ருவன் எழுந்து படியில் இறங்கி வந்து, அப்பாவின் கரிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். கொழும்பில் எத்தனையோ பேர் அதைக் குடித்துப் பாராட்டியிருக்கிறார்கள், நான்கு தடவை தீய்த்துக் கொட்டிவிட்டு ஐந்தாவது தடவை விடிய விடிய நின்று வறுத்ததை ஒருவரும் கேட்டதில்லை என்றாராம். அப்பாவுக்கு அந்தச் சிங்களமெல்லாம் நன்றாகவே புரியும். "ஹரி மாத்தயா, ஹரி" (சரிங்க ஐயா, சரி) என்று கையை விடுவித்துக்கொண்டு, தூங்குகிற என்னைக் காட்டி, "இந்தச் சாமியத் தூக்கிட்டுப் போக ஒரு ஆள் தாங்க சாமி" என்று கேட்டிருக்கிறார்.

நான் கண்விழித்தபோது பீலிக்கு அடியில் இருந்தேன். மலைத்தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. எதிரே அம்மா, கையில் சோப்பு.

"துப்பிருவேன்னு சொன்னியே?"

"ஒரு தடவ துப்பினேம்மா."

"பாத்தேன்னு சாமி சொன்னாரு. இன்னொருக்கா முங்கு."

மூன்று தடவை சோப்புப் போட்டும் அம்மா என்னை வாசப்படி ஏற்றவில்லை. இரண்டு நாள் பக்கத்து வீட்டில் சாப்பாடு, பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் படுக்கை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டவும் முடியாது, நான் சாமி. "சாப்டீங்களா சாமி?" என்று மட்டும் கேட்பார். நான் வாழ்க்கையில் வாங்கிய ஏச்சுகளிலேயே அதுதான் பெரியது. பெற்ற தகப்பனை ஊர் கேட்கத் தூங்குமூஞ்சி என்று கத்தியிருக்கிறேன், அதுவும் ஒரு தடவைகூடத் தூங்காத மனிதரை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை தொரை கூப்பிட்டார். கடிதம் மேசையில் இருந்தது. கையெழுத்து இல்லை.

"குமார், நாக்கு நல்லம். வாய்தான் சரியில்ல" என்றார். அப்பாவும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். "இன்னும் மூணு மாசம் புரொபேஷன். டேஸ்டிங் ரூம் வேணாம். ட்ரையர்ல நில்லு. தீயறது எண்டா என்னா எண்டு படி. செல்லையா சரி எண்டு சொன்னாத்தான் நான் சைன் பண்றது."

மூன்று மாதம் அந்தச் சூட்டில் நின்றேன். பச்சை வாளியும் கட்டிலுக்கு அடியில் மூன்று மாதம் கவிழ்ந்தே கிடந்தது. முடிவில் தொரை பெக்டரிக்கு வந்து என் முன்னாலேயே அப்பாவிடம் கேட்டார், பையன் எப்படி என்று. மாலை கழற்றிப் பல வாரம் ஆகியிருந்தது, அப்பா இனி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"ரெண்டு தடவ தூங்கினானுங்க தொரைங்களே" என்றார் அப்பா. "எழுப்பிட்டேன். இனி தூங்க மாட்டான்."

தொரை அங்கேயே, ட்ரையர் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சூட்டில் அதன் ஒரு மூலை சற்றுப் பழுத்துவிட்டது. அந்தக் கடிதத்தை இப்போதும் வைத்திருக்கிறேன்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. பச்சை வாளி குவாட்டர்ஸ் குழாயடியில் பிடி உடைந்து, கயிறு கட்டி, இன்னும் நிற்கிறது. நான் இப்போது டீமேக்கர், எந்த விருந்துக்குப் போனாலும் முதலில் துப்ப இடம் பார்த்துக்கொண்டுதான் உட்காருகிறேன். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். டிசம்பர் வந்தால் தவறாமல் ருவனிடமிருந்து ஒரு கறுப்புப் போத்தலும், ஒரு சின்ன டப்பா வறுத்த வாற்கோதுமையும் வரும். டேஸ்டர் பெயருக்கு அல்ல. "செல்லையா, ட்ரையர்" என்று எழுதியிருக்கும். மாலை போட்டிருக்கும் அப்பா போத்தலைத் தொடாமல் டப்பாவை மட்டும் திறந்து மோந்து பார்த்து, "இந்த வருஷம் கொஞ்சம் முந்தி எறக்கிட்டாரு" என்றோ, "பரவால்ல" என்றோ சொல்வார். ருவன் அதைப் போனில் கேட்டு எழுதிக்கொள்கிறாராம்.

போன வாரம் நான் ஊற்றிய தோசை அடிப்பிடித்துவிட்டது. என் மகளுக்கு ஐந்து வயது. இந்த வீட்டில் பிறந்த பிள்ளை, சும்மா இருக்குமா? "தாத்தா, ட்ரையர்காரன் தூங்கிட்டான்!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"ட்ரையர்காரன் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான் கண்ணு. டேஸ்டர்தான் தூங்கிட்டான்."